கருமணலும் கதிரியக்கமும்

திருக்கோணமலைக் கப்பல்துறையிலிருந்து கரையோரமாக வடக்கே செல்வோர், புல்மோட்டையிற் கடற்கரை கருநிறங் கொண்டிருப்பதைக் காண்பர். இல்மனைற்று, உரூற்றைல், சேர்க்கன், மொனசைற்று ஆகிய கனியங்கள் செறிந்த மணல் அது. அதனைப் பிரித்தெடுத்தற்கென 1957ஆம் ஆண்டிற் கனிய மணற் கூட்டுத்தாபனம் நிறுவப்பெற்றது. இம்மணலிற் கதிரியக்கம் உண்டு என்னுஞ் செய்தி பலருக்கு அச்சந் தருகின்றது. அவ்வச்சம் தகுமா?

கதிரியக்கமே இல்லாத மண் உலகில் இல்லை. யுரேனியம், தோரியம், பொற்றாசியம் ஆகிய மூலகங்கள் எம்மண்ணிலுஞ் சிறிதளவேனும் உள்ளன. தோரியம் மிகுந்த தோரியனைற்று என்னுங் கனியத்தை 1904இல் ஆனந்த குமாரசுவாமி கண்டறிந்ததும் இலங்கையிலேயே. புல்மோட்டை மணலின் கருமைக்குக் காரணம் இல்மனைற்று. தோரியம் பெரிதும் உறைவதோ தேன்நிற மொனசைற்றிலே. ஆதலின், நிறத்தைக் கண்டு அஞ்சுதலும் தேறுதலும் ஒருங்கே பிழையாம். அளந்தே அறிதல் வேண்டும்.

அளக்கும் முறை யாது? மண்ணை உலர்த்திச் சலித்து நிறுத்து, காற்றுப் புகாத கலத்தில் அடைத்து, ஏறத்தாழ நான்கு வாரம் வைப்பர். றேடியத்திலிருந்து தோன்றும் றேடன் வாயு 3.8 நாளிற் பாதியாகக் குறைவது. அதன் தோற்றமும் அழிவுஞ் சமநிலை எய்தவே இக்காத்திருப்பு. பின்னர், ஈயச் சுவர் சூழ்ந்த உணர்கருவியின் முன் வைத்தால், ஒவ்வொரு மூலகத் தொடரும் தனக்குரிய ஆற்றலுடைய காமாக் கதிரால் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

ஒரு வினாடியில் ஓர் அணுக்கரு சிதைவது ஒரு பெக்கரல். உலக மண்ணிற் கிலோ ஒன்றுக்கு யுரேனியம் 35, தோரியம் 30, பொற்றாசியம் 400 பெக்கரல் என்பது பொதுநிலை. இவற்றின் காமா வலிமைக்கேற்ப, தோரியத்தை 1.43ஆலும் பொற்றாசியத்தை 0.077ஆலும் பெருக்கிக் கூட்டினால் சுமார் 109 ஆகும். கட்டடப் பொருள்களுக்குக் கொள்ளும் வரம்பு 370. இவ்விரு எண்களுக்கும் இடையே ஒரு மண் எங்கே நிற்கிறது என்பதே வினா.

கேரளத்துக் கருநாகப்பள்ளியிலும் இத்தகைய மணல் உண்டு. ஆங்கு 1990 முதல் ஏறத்தாழ 70,000 மக்களைத் தொடர்ந்து ஆராய்ந்தோர், கதிர்வீச்சு மிகுந்த இடங்களிற் புற்றுநோய் மிகக் காணவில்லை என 2009இல் வெளியிட்டனர். கரையோரக் குடிகளுக்கு இது ஆறுதலே.

எனினும், கடற்கரையில் நடப்பது வேறு; மொனசைற்றுத் தூசியை நாள்தோறும் சுவாசிப்பது வேறு. பிரித்துக் குவித்த மணலிற் பணிபுரிவோர்க்கு மூக்குக்கவசமும் அளவீடும் இன்றியமையாதன. அக்கருமணலை வீட்டுச் சுவருக்கோ தரைக்கோ பயன்படுத்துமுன் சோதித்தல் வேண்டும். அறைகளிற் காற்றோட்டமும் வேண்டும், றேடன் தங்குவது அடைத்த அறையிலேயே ஆதலின். மண்ணை விட்டு ஓடவேண்டியதில்லை. அதனை அறிந்து வாழ்தலே போதும்.