சாளேஸ்வரம்: கையை நீட்டினால் போதுமா?

(மகர்பட்டா உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் கண் டாக்டர் இல்லை. மருத்துவக் கல்லூரியில் முப்பது வருஷம் உடலியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். பிள்ளைக்கு இங்கே ஸைபர் ஸிட்டியில் வேலை. அதனால் நானும் மகர்பட்டாவாசி ஆனேன்.

முதலில் ஒரு சின்னப் பரீட்சை. பக்கத்தில் இருப்பவரை ஜன்னல் வழியே தூரத்துக் கட்டடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு அவர் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் உங்கள் விரலைக் காட்டுங்கள். இரண்டு கண்களும் மூக்குப் பக்கம் திரும்பும். நடுவிலுள்ள பாவை சுருங்கும். வெளியே தெரியாமல் மூன்றாவது காரியம் ஒன்றும் நடக்கும்: உள்ளே லென்ஸ் தடிக்கும். மூன்றுக்கும் கட்டளை மூன்றாவது மூளை நரம்பு வழியாகவே வருவதால் மூன்றும் சேர்ந்தே நடக்கின்றன.

லென்ஸைச் சுற்றி வளையம் போல் சிலியரி தசை இருக்கிறது. மெல்லிய இழைகள் லென்ஸை அதோடு கட்டியிருக்கின்றன. தூரப் பார்க்கும்போது தசை தளர்ந்து, இழைகள் இழுபட்டு, லென்ஸ் தட்டையாக இருக்கும். கிட்டப் பார்க்கும்போது தசை சுருங்கி வளையம் சிறியதாகும், இழைகள் தளரும், லென்ஸ் உருண்டு கொள்ளும். ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானியர் 1855-லேயே இதை விளக்கிவிட்டார்.

பாவை ஏன் சுருங்க வேண்டும்? ஓரத்துக் கதிர்கள் பிம்பத்தைக் கலைக்கும். சிறிய துவாரம் அவற்றைத் தடுத்து, லென்ஸின் குறையைக் கொஞ்சம் மறைத்துவிடும். இந்த மறைப்புதான் என்னை ஏமாற்றியது.

வயதாக ஆக லென்ஸ் இறுகும். பத்து வயதில் அதன் வளையும் சக்தி பத்து டயாப்டருக்கு மேல். அறுபதில் ஏறக்குறைய ஒன்றுதான். 40 செ.மீ. தூரத்தில் புத்தகம் படிக்க இரண்டரை டயாப்டர் வேண்டும். நாம் இதை வெள்ளெழுத்து, சாளேஸ்வரம் என்கிறோம். இங்கே மராட்டியர்கள் நாற்பதை வைத்தே 'சாளிஷி' என்கிறார்கள்.

இதையெல்லாம் வகுப்பில் சொன்ன நான், 47 வயதில் கண்ணாடி போட மறுத்தேன். பால்கனி வெயிலில் பேப்பர் நன்றாகத் தெரிகிறதே என்று வாதம். ஒரு நாள் விடியற்காலை, ஸ்வாமி அறையின் ஸீரோ வாட் பல்பு வெளிச்சத்தில், அம்மாவின் பி.பி. மாத்திரை என்று நினைத்து என்னுடைய சர்க்கரை மாத்திரையைக் கொடுத்துவிட்டேன். அம்மாவுக்குச் சர்க்கரை வியாதியே கிடையாது. ஒன்பது மணிக்கு வேர்த்து, கை நடுங்கி உட்கார்ந்துவிட்டாள். நினைவு இருந்ததால் அடுத்த வீட்டு மாமி சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மறுநாள்தான் வீடு திரும்பினோம்.

அம்மா கோபிக்கவில்லை. "ஊருக்கெல்லாம் கண்ணைப் பத்திப் பாடம் எடுக்கறே. நீ ஒரு கண்ணாடி போட்டுக்கப்படாதோ?" என்றாள். அவ்வளவுதான். அன்று சாயங்காலமே கண்ணாடிக் கடைக்குப் போனேன்.

காரணம் புரிகிறதல்லவா? வெயிலில் பாவை சுருங்கி என் குறையை மறைத்தது. இருட்டில் அது விரிந்ததும் மறைப்பு போய்விட்டது. கண் கெட்டது அன்று காலையில் அல்ல, வருஷக்கணக்காகவே.

கண்ணாடி வயோதிகத்தின் அடையாளம் என்று வெட்கப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். அஸ்ஸாமில் நாற்பது வயதும் அதற்கு மேலும் உள்ள 751 தேயிலைத் தொழிலாளர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2018-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளிவந்தது. கிட்டத்தில் பார்ப்பதற்கான கண்ணாடி கிடைத்தவர்கள் பறித்த இலையின் அளவு, கிடைக்காதவர்களைவிட 20 சதவீதத்துக்கும் அதிகமாகக் கூடியது. சாதாரணக் கண்ணாடி, அவ்வளவுதான்!

நாற்பது தாண்டியவர்கள் கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். கடையில் ரெடிமேட் கண்ணாடி வாங்கலாம். ஆனால் கண் அழுத்தத்தையும், சர்க்கரையால் விழித்திரைக்கு வரும் கெடுதலையும் டாக்டர்தான் கண்டுபிடிக்க முடியும். கம்ப்யூட்டர் முன் உட்காரும் பிள்ளைகள் இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை தூரத்தைப் பார்க்கட்டும். சிலியரி தசைக்கு அதுதான் ஓய்வு. குழந்தைகள் தினமும் வெளியில் விளையாடட்டும். மாத்திரை கொடுக்கும்போது மட்டும், தயவுசெய்து பெரிய விளக்கைப் போடுங்கள்.

அம்மா அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தாள். மாத்திரை கொடுக்கும் முன் தினமும், "கண்ணாடி எங்கேடா?" என்று கேட்பாள். இன்றும் அந்தக் குரல் கேட்கிறது.