நூற்றைம்பது மூட்டையும் என் தப்புக் கணக்கும்

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

போன கூட்டத்தில் ஜெனரேட்டர் டீசல் பற்றிப் பேச்சு வந்தபோது, "அடுத்த மாசத்துக்கு எவ்வளவு ஆகும்னு முன்கூட்டியே எப்படி சார் சொல்ல முடியும்?" என்று செயலாளர் கேட்டார். முடியும் என்று நான் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்துவிட்டது. அதனால்தான் இன்று மைக் என் கையில். டீசலுக்குப் போவதற்கு முன், எரிபொருள் கணக்கில் நான் சறுக்கி விழுந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என் மகள் அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் இருக்கிறாள். ஒரு அக்டோபரில் போய் மார்ச் கடைசி வரை நானும் மனைவியும் அங்கே இருந்தோம். அந்த வீட்டில் எண்ணெயில் ஓடும் பாய்லர் ஒன்று உண்டு. எண்ணெய்ச் செலவு கட்டாமல் மாப்பிள்ளை ஹாலில் ஒரு பெல்லட் அடுப்பும் வைத்திருந்தார். பெல்லட் என்றால் மரத்தூளை அழுத்திச் செய்த துண்டுகள். பார்க்க மாட்டுக்கு வைக்கும் குச்சித் தீவனம் மாதிரியே இருக்கும். பசை எதுவும் கிடையாது, மரத்தில் இருக்கிற லிக்னினே சூட்டில் இளகி ஒட்டிக்கொள்கிறது. தண்ணீர் பட்டால் ஊதி மறுபடியும் தூளாகிவிடும், அதனால் காரேஜில் பத்திரமாக அடுக்கி வைப்பார்கள். மூட்டை 40 பவுண்டு, நம் கணக்கில் 18 கிலோ. 50 மூட்டை அவர்களுடைய ஒரு டன்.

நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஒரு கிலோவில் ஏறத்தாழ 5 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூடு இருக்கிறது. மூட்டைக்கு 90 யூனிட். புகைபோக்கி வழியே போவது போக, நல்ல அடுப்பாக இருந்தால் 70 யூனிட் அறைக்கு வந்து சேரும்.

மாப்பிள்ளை மூன்று டன் வாங்கி வைத்திருந்தார், அதாவது 150 மூட்டை. முப்பது வருஷம் லெட்ஜர் எழுதிய கை சும்மா இருக்குமா? தினமும் எத்தனை மூட்டை பிரித்தோம் என்று ஒரு நோட்டில் குறிக்க ஆரம்பித்தேன். நவம்பர் முடிவில் கூட்டினால் 22 மூட்டை. கடைக்காரர் அதே விலைக்கு இன்னொரு டன் தருவதாகச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை என்னிடம், "என்ன மாமா, வாங்கிடலாமா?" என்று கேட்டார். நான் பேனாவைத் திறந்தேன். நவம்பர் முதல் மார்ச் வரை ஐந்து மாதம், 22 வீதம் 110. அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் சேர்த்து 28. ஆக 138. "வேண்டாம் மாப்பிள்ளை, பன்னிரண்டு மூட்டை மிச்சமே ஆகும்" என்றேன்.

மார்ச் இரண்டாவது வாரம் கடைசி மூட்டையைப் பிரித்தோம். வெளியே பனிப்புயல். கடையில் பெல்லட்டை எடுத்துவிட்டுத் தோட்டச் சாமான் அடுக்கியிருந்தார்கள். பெல்லட் இருக்கிறதே என்று மாப்பிள்ளை எண்ணெய்த் தொட்டியையும் நிரப்பாமல் விட்டிருந்தார், முள் அடியில் நின்றது. எண்ணெய் லாரி வர மூன்று நாள் ஆகும் என்றார்கள். அதுவரை பாய்லரை 58 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 14 செல்சியஸுக்கு, இறக்கி வைத்தோம். அதற்கும் கீழே விட்டால் குழாயில் தண்ணீர் உறைந்து வெடிக்கும் பயம் உண்டு. ஆறு வயதுப் பேரன் வீட்டுக்குள் ஜாக்கெட்டும் குல்லாயுமாக உட்கார்ந்து சாப்பிட்டான். மகள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அந்த மூன்று நாளில்தான் தப்பு எங்கே என்று தேடினேன். நான் மாதத்தை எண்ணினேன், குளிரை எண்ணவில்லை. அங்கே இதற்கு டிகிரி நாள் என்று ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். ஒரு நாளின் உச்ச வெப்பத்தையும் தாழ்ந்த வெப்பத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து, 65 ஃபாரன்ஹீட்டிலிருந்து கழிக்க வேண்டும். உச்சம் 30, தாழ்வு 10 என்றால் சராசரி 20, ஆகவே அன்றைக்கு 45 டிகிரி நாள். இதை வானிலைத் துறையே ஊர்வாரியாக வெளியிடுகிறது. நவம்பருக்கு அந்த ஊரில் சுமார் 780. ஜனவரிக்கு 1,350 பக்கம் போய்விடும். 780-ஐ என் 22 மூட்டையால் வகுத்தால், மூட்டைக்கு 35 டிகிரி நாள். அப்படியானால் ஜனவரிக்கு 22 இல்லை, 39 மூட்டை. வருஷம் முழுக்க ஏறத்தாழ 7,000 டிகிரி நாள். 200 மூட்டை, அதாவது நான்கு டன். நான் வேண்டாம் என்று சொன்னேனே, அதே நான்காவது டன்!

ஒரு கணக்கை இரண்டு வழியில் போட்டு டேலி பார்ப்பது நம் பழக்கம். அடுப்பு வாங்குவதற்கு முந்தைய வருஷத்து எண்ணெய் பில்களைக் கேட்டு வாங்கினேன். மொத்தம் 840 கேலன். அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, குளிக்கிற வெந்நீரும் அதே பாய்லர்தான். கோடை மூன்று மாதத்தில் 60 கேலன் செலவாகியிருந்தது. அது முழுக்க வெந்நீர். மாதம் 20 வீதம் வருஷத்துக்கு 240 கழித்தால், வீட்டைச் சூடாக்க 600 கேலன். ஒரு டன் பெல்லட் ஏறத்தாழ 120 கேலன் எண்ணெய்க்குச் சமம் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு. ஐந்து டன் வருகிறது. நோட்டில் நான்கு, பில்லில் ஐந்து. ஒரு டன் எங்கே போயிற்று என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். காலையில் மாடிக்கு ஏறும்போதுதான் உறைத்தது. ஹாலில் இருக்கிற அடுப்பின் சூடு மாடி படுக்கையறைகளுக்குச் சரியாகப் போவதில்லை. அங்கே பாய்லர்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பங்குதான் வித்தியாசம்.

இந்த வருஷம் பிள்ளைகளிடம் குளிர்காலத்துக்குப் போகிறவர்கள் நம் பிளாக்கிலேயே இருக்கிறீர்கள். ஒன்று மட்டும். பெல்லட் அடுப்பில் துண்டுகளைத் தள்ளும் திருகும், காற்றாடியும் மின்சாரத்தில் ஓடுபவை. கரண்ட் போனால் மூட்டை எத்தனை இருந்தும் அடுப்பு நின்றுவிடும்.

இப்போது நம் ஜெனரேட்டர். பதிவேட்டைப் பார்த்தேன். எத்தனை லிட்டர் ஊற்றினோம் என்பது தேதியோடு இருக்கிறது. எத்தனை மணி நேரம் ஓடியது, அப்போது இரண்டு லிஃப்ட்டும் ஓடியதா, தண்ணீர் மோட்டார் போட்டார்களா என்பது இல்லை. லிட்டரை மாதத்தால் வகுத்துப் பட்ஜெட் போட்டிருக்கிறோம். நான் நவம்பரை ஐந்தால் பெருக்கின மாதிரிதான் இது. மே மாதக் கரண்ட் கட்டும் டிசம்பர் கரண்ட் கட்டும் ஒன்றா?

ஜெனரேட்டரிலேயே ஓடிய நேரம் காட்டும் மீட்டர் இருக்கிறது. ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் அந்த எண்ணை வாட்ச்மேன் குறித்து வைத்தால் போதும். செயலாளர் சம்மதித்தால் ஒன்றாம் தேதியிலிருந்து கட்டம் போட்ட நோட்டு ஒன்றை நானே வாங்கித் தருகிறேன். மூன்று மாதம் கழித்து, அடுத்த இதழுக்குள், லிட்டருக்கு எத்தனை நிமிஷம் என்று சொல்லிவிடலாம்.