மதனப்பள்ளிக் கல்லூரியும் நம் கடமையும்



நாம் எழுந்து நின்று பாடும் நாட்டுப் பண்ணுக்கும் பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளிக்கும் உள்ள உறவைப் பலர் அறியார். 1915-ஆம் ஆண்டில் அன்னிபெசன்ட் அம்மையார் அங்கே ஒரு கல்லூரியை நிறுவினார். 1919 பிப்ரவரியில் கவி தாகூர் அங்கு வந்து சில நாள் தங்கினார். 1911-இல் தாம் இயற்றிய அப்பாடலை மாணவர்முன் பாடியதோடு, அதனை ஆங்கிலத்திலும் பெயர்த்தார். கல்லூரி முதல்வரின் துணைவியாரான மார்கரெட் கசின்ஸ் அம்மையார் அதன் மெட்டை இசைக்குறிப்பாக வரைந்தார். வங்கத்துப் பாட்டொன்று, தெலுங்கும் தமிழும் ஒருங்கே வழங்கும் மாவட்டத்தில், அயர்லாந்துப் பெண்மணி ஒருவர் கையால் ஏட்டில் ஏறியது.

சித்தூர் மாவட்டம் 1911-இல் வடஆற்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து அமைக்கப்பட்டது. 1953 வரை அது சென்னை மாகாணத்தில் இருந்தது. ஆதலின் இக்கல்லூரியின் வரலாறு ஆந்திர மக்களுக்கு மட்டுமன்றி, அங்கு வாழும் தமிழர்க்கும் உரியதே.

இத்தகைய வளாகங்களைக் காப்பது எங்ஙனம்? மாணவர் தொகை பெருகுகிறது. புதிய வகுப்பறைகளும் ஆய்வுக்கூடங்களும் வேண்டும். அவற்றை வேண்டாவென்று கூறுதல் முறையன்று. ஆயினும் புதியது எழப் பழையது விழ வேண்டுவதில்லை. வெற்றிடத்தில் புதியதைக் கட்டிப் பழையதை நூலகமாகவோ மன்றமாகவோ பயன்படுத்தலாம். 1870-களில் சிசோம் என்பவர் வகுத்த திட்டப்படி எழுந்த சென்னைப் பல்கலைக்கழகத்துச் செனட் மாளிகை, நெடுங்காலம் சிதைந்து கிடந்தும், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பழுது நீக்கப்பட்டு மீண்டும் பொலிவு பெற்றது.

பெருஞ்செலவுக்கு முன் சிறு கவனம் வேண்டும். கூரையின் தூம்பு அடைபட்டால் மழைநீர் சுவரில் இறங்கும். விரிசலில் முளைக்கும் அரசங்கன்றை அன்றே பிடுங்கினால் செலவில்லை; பத்தாண்டு விட்டால் சுவரே பிளக்கும். சுண்ணாம்புக் காரையால் கட்டிய சுவருக்குச் சிமெண்டு பூசுவதும் தீங்கே. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமெண்டு அதனை உள்ளே அடைத்துச் செங்கல்லைப் பொடியாக்கும்.

மரங்களும் வளாகத்தின் வரலாறே. அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்டுத் தளம் போட்டால் வேருக்கு நீரும் காற்றும் செல்லா. நட்டவர் மறைந்தபின்னும் நிழல் தரும் மரம், தூய்மை என்ற பெயரால் பட்டுப்போகும். மதனப்பள்ளியை அடுத்த ரிஷிவேலிப் பள்ளியைப் பாருங்கள். மழை குறைந்த அப்பள்ளத்தாக்கில் மரங்களை நட்டு, ஓடைகளில் சிறு தடுப்பணைகள் கட்டி, வறண்ட நிலத்தைப் பசுமையாக்கினர். 1991-இல் அது பறவைகளின் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. அழிந்த நிலத்தையே மீட்க இயலுமாயின், இருப்பதைக் காப்பது அரிதோ?

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்களே! நீங்களோ உங்கள் பெற்றோரோ பயின்ற கல்லூரியின் பழைய நிழற்படங்களும் கடிதங்களும் ஆண்டு மலர்களும் உங்கள் பெட்டிகளில் கிடக்கலாம். எந்தத் தாழ்வாரம் எப்படி இருந்தது, எந்த மரம் எங்கே நின்றது என்பதற்கு அவையே சான்று. அவற்றின் படிகளைக் கல்லூரிக்கு அனுப்புங்கள். சான்று உள்ள கட்டடத்தை இடிக்க முற்படுவோர் ஒருமுறையேனும் தயங்குவர். பழுது பார்ப்போர்க்கும் அது வழிகாட்டும்.