தரையில் கிடந்த சிவப்புக் கோடு



விரிதாளில் வரைபடம் போடுவது பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதில் பேச என்ன இருக்கிறது, எண்களைத் தேர்ந்தெடுத்து ஒரு பொத்தானை அழுத்தினால் படம் வந்துவிடுமே என்று நீங்கள் நினைக்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தாய் கேட்ட கேள்வி வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அன்று இரண்டு விவரங்களை ஒரே படத்தில் காட்டினேன். ஒன்று, ஜூலை முதல் நவம்பர் வரை மாதவாரியாக எல்லாப் பிள்ளைகளின் வருகை நாட்களையும் கூட்டிய தொகை. அது 7,000-க்கும் 9,000-க்கும் இடைப்பட்ட எண். மற்றொன்று, மாதத்தில் பத்து நாளுக்கு மேல் வராத பிள்ளைகளின் எண்ணிக்கை: 4, 6, 9, 13, 19. வருகைக்கான நீலக் கோடு மேலே ஏறி இறங்கியது. வராதவர்களுக்கான சிவப்புக் கோடு அடியில் தரையோடு தரையாகக் கிடந்தது.

“டீச்சர், கீழே சிவப்பா ஒரு கோடு போட்டிருக்கீங்களே, அது எதுக்கு?” என்று அந்த அம்மா கேட்டார். நான் சொல்ல வந்த செய்தியே அதுதான். ஆனால் அது யார் கண்ணிலும் படவில்லை.

ஏன் அப்படி ஆயிற்று? விரிதாள் பெரிய எண்ணைப் பார்த்து, அச்சை 0 முதல் 10,000 வரை அமைத்துக்கொண்டது. படம் 15 சென்டிமீட்டர் உயரம் என்றால், 4-க்கும் 19-க்கும் உள்ள இடைவெளி கால் மில்லிமீட்டர்கூட வராது. ஏறத்தாழ ஐந்து மடங்கு உயர்ந்த எண், படத்தில் அசையாத கோடாகிவிட்டது.

இதற்கு முதல் வழி இரண்டாம் அச்சு. எக்செல்லில் சிறிய எண்களின் கோட்டின் மேல் வலது சொடுக்கு செய்து, ‘ஃபார்மேட் டேட்டா சீரிஸ்’ என்பதில் ‘செகண்டரி ஆக்சிஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். லிப்ரே ஆபிஸ் கால்க்கிலும் இதே வசதி உண்டு. தரையில் கிடக்கும் கோட்டைச் சுட்டியால் பிடிப்பது கடினம். எக்செல்லில் படத்தைத் தேர்ந்தெடுத்ததும் மேலே ‘ஃபார்மேட்’ தாவல் வரும். அதன் இடது ஓரப் பெட்டியில் கோட்டின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் அது சிக்கிவிடும். இரண்டு விவரங்களையும் பட்டைகளாகப் போடாதீர்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறி மறைத்துவிடும். ஒன்றைப் பட்டையாகவும் மற்றதைக் கோடாகவும் போடுங்கள்.

இந்த முறை நமக்குப் புதிதல்ல. புவியியலில் வரும் காலநிலை வரைபடம் இதே வகைதான். சென்னையில் நவம்பர் மாத மழை சராசரியாக 350 மில்லிமீட்டருக்கும் மேல்; வெப்பநிலையோ ஏறத்தாழ 26 டிகிரி. மழை ஓர் அச்சில் பட்டையாகவும், வெப்பநிலை எதிர் அச்சில் கோடாகவும் இருப்பதால்தான் இரண்டையும் சேர்த்துப் படிக்க முடிகிறது.

ஆனால் இரண்டாம் அச்சில் ஓர் ஆபத்து உண்டு. இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தைப் பார்த்ததும், அங்கே ஏதோ நடந்திருக்கிறது என்று கண் நம்பிவிடும். உண்மையில் அந்தப் புள்ளிக்குப் பொருளே இல்லை. வலது அச்சின் உச்ச அளவை 20-லிருந்து 40 ஆக்கினால் வெட்டும் இடம் நகர்ந்துவிடும் அல்லது காணாமலே போய்விடும். எனவே அச்சின் எண்களுக்கும் அதன் கோட்டுக்கும் ஒரே நிறம் கொடுங்கள். அலகை எழுதுங்கள். பட்டைகள் இருந்தால் அந்த அச்சைச் சுழியத்தில் தொடங்குங்கள்.

பெற்றோருக்குக் காட்டும்போது நான் இப்போது இரண்டு அச்சே வைப்பதில்லை. ஒரே மாத வரிசையில் இரண்டு சிறிய படங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைக்கிறேன். யாரும் குழம்புவதில்லை.

இன்னொரு கேள்வியையும் கேட்டுப் பார்க்க வேண்டும்: இரண்டு விவரங்களையும் தனித்தனியாகத்தான் காட்ட வேண்டுமா? கோட்டு வரைபடத்தையும் பட்டை விளக்கப்படத்தையும் 1786-இல் நூலாக வெளியிட்ட வில்லியம் பிளேஃபேர், பின்னாளில் 1565 முதல் 1821 வரையிலான இங்கிலாந்தின் கோதுமை விலையையும் தொழிலாளரின் வாரக் கூலியையும் ஒரே படத்தில் வரைந்தார். இரண்டுக்கும் அலகு ஷில்லிங்தான். விலைப் பட்டைகள் உயர உயர எழும்பின. கூலிக் கோடு கீழே மெல்ல ஊர்ந்தது. கூலியோடு ஒப்பிட்டால் கோதுமை அதுவரை இல்லாத அளவு மலிந்திருக்கிறது என்பதே அவர் சொல்ல விரும்பியது. படத்தைப் பார்ப்பவருக்கோ நேர்மாறாகத் தோன்றும். குறிப்பிட்ட அளவு கோதுமை வாங்க எத்தனை வாரக் கூலி தேவை என்று வகுத்து, அந்த ஒரே எண்ணை வரைந்திருந்தால் செய்தி பளிச்சென்று தெரிந்திருக்கும். வகுத்தல் நாம் தினமும் கற்பிப்பதுதானே? ‘நூறு பிள்ளைகளில் எத்தனை பேர் வரவில்லை’ என்று மாற்றினால், பெரிய பள்ளியையும் சிறிய பள்ளியையும்கூட ஒரே அச்சில் ஒப்பிடலாம்.

உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் மாணவர்களைக் கொண்டு இதைச் செய்து பாருங்கள். ஒரே எண்களைக் கொடுத்து ஒரு குழுவை ஓர் அச்சிலும், இன்னொரு குழுவை இரண்டு அச்சிலும், மூன்றாம் குழுவை இரண்டு தனிப் படங்களிலும் வரையச் சொல்லுங்கள். பிறகு எண்களை மறைத்துவிட்டு, ‘இந்தப் படம் என்ன சொல்கிறது?’ என்று கேளுங்கள். மூன்று விதமான பதில்கள் வரும். படம் பொய் சொல்லாமலே ஏமாற்றும் என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.

அடுத்த கூட்டத்தில் சிவப்புக் கோட்டைத் தனிப் படமாகக் காட்டினேன். விளக்கம் தேவைப்படவில்லை. “அந்தப் பத்தொம்பது பேரும் யார் வீட்டுப் பிள்ளைங்க?” என்று அதே அம்மாதான் முதலில் கேட்டார். குழு உறுப்பினர்கள் வீடு வீடாகப் போனார்கள். பதினொரு பேர் திரும்பி வந்தார்கள். மற்றவர்களின் வீடுகள் பூட்டிக் கிடந்தன; வேலைக்காக வெளியூர் போன பெற்றோர் பிள்ளைகளையும் கூட்டிப் போய்விட்டார்கள்.

எண்கள் ஆகஸ்டிலிருந்தே ஏறிக்கொண்டுதான் இருந்தன. என் விரிதாளில்தான் இருந்தன. நான்தான் பார்க்கவில்லை. வரைபடம் போட்டதும் பெரிய கோட்டைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். அடியில் படுத்திருக்கும் கோடு யாருடையது என்று ஒரு தடவை பாருங்கள்.