வயிற்றுவலி கள்ளம் அல்ல
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நாம் படித்த நாளில், காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றால், “பள்ளிக்கூடம் போகாமலிருக்கக் கள்ளம்” என்பார்கள். அது கள்ளம் அல்ல என்று காட்ட நம்மிடம் ஒன்றும் இருக்கவில்லை. இன்று இருக்கிறது.

வட்டகொடை ஸ்டேஷனைத் தாண்டிக் கொழும்புக்குப் போகும் ரயில் பாதையில்தான் ராகம இருக்கிறது. அங்குள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் பேராசிரியர்கள் நிரங்கா தேவநாராயண, ஷாமன் ராஜிந்திரஜித் ஆகியோர், காரணம் புலப்படாமல் அடிக்கடி வயிறு வலிக்கும் பிள்ளைகளை ஸ்கேன் மூலம் ஆராய்ந்தார்கள். பிள்ளைக்குத் திரவ உணவு கொடுத்து, இரைப்பையின் கீழ்ப்பகுதியை 1ஆம் நிமிடத்திலும் 15ஆம் நிமிடத்திலும் அளந்தார்கள். அது எத்தனை தடவை சுருங்குகிறது என்றும் எண்ணினார்கள். வலியுள்ள பிள்ளைகளின் இரைப்பை மற்றப் பிள்ளைகளுடையதைவிட மெதுவாக வெறுமையானது. அசைவும் குறைவாக இருந்தது.

ஸ்கேன், காதுக்குக் கேட்காத ஒலியின் எதிரொலியைப் படமாக்குகிறது. கதிர்வீச்சும் இல்லை, வலியும் இல்லை. உறுப்பு அசைவதையே பார்க்கலாம்.

மலச்சிக்கலிலும் அது உதவும். சிறுநீர்ப்பை ஓரளவு நிறைந்திருக்கும்போது, அதன் பின்னாலுள்ள மலக்குடலின் அகலத்தை அளக்கலாம். பிள்ளைகளில் அது 3 சென்டிமீற்றரைத் தாண்டினால், மலம் தேங்கியிருக்கலாம் என்று வைத்தியர் சந்தேகிப்பார். ஆனால் ஸ்கேன் மட்டும் முடிவு சொல்லாது. பிள்ளையிடம் கேட்பதும் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதும்தான் முதலில். காய்ச்சல், பச்சை வாந்தி, மலத்தில் இரத்தம், உடல் மெலிவு இருந்தால் தாமதிக்கவே கூடாது.

மலம் ஏன் தேங்குகிறது? அடக்குவதால். அடக்க அடக்க நீர் வற்றி மலம் இறுகும், குடல் விரியும், பிறகு வரும் உணர்வே மங்கிவிடும். இலங்கையில் 10 முதல் 16 வயதுப் பாடசாலைப் பிள்ளைகளில் நூற்றுக்கு 15 பேரளவில் மலச்சிக்கல் இருப்பதாக இதே பேராசிரியர்களின் ஆய்வு சொல்கிறது.

தாழ்ப்பாள் இல்லாத கதவுக்குப் பயந்து, வீடு போகும்வரை அடக்கியவர்கள் நாம். மலையில் கொழுந்தெடுத்த நம் அம்மாமாரும், ஒதுங்க இடமில்லாமல், தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். அந்தப் பழக்கம் நம்மோடு முடியட்டும்.

நூற்றாண்டு நினைவாக என்ன செய்யலாம் என்று சங்கத்தில் பேசுகிறோம். மண்டபம் பிறகு வரட்டும். தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள மலசலகூடங்களை முதலில் கட்டுவோம். பாட நேரத்தில் ஒரு பிள்ளை எழுந்து கேட்டால், ஆசிரியர்கள் மறுக்காமல் அனுப்ப வேண்டும் என்றும் அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.