நமக்கு வீட்டுக் கடன் கிடைக்குமா?



குளுவாங், லாபிஸ், கோத்தா திங்கி என்று ஜொகூரில் எந்தப் பக்கம் போனாலும் நம் மக்களிடையே இந்தப் பேச்சு காதில் விழும்: "நமக்கெல்லாம் பேங்கில் கடன் கொடுப்பார்களா?" கேட்பவர் முப்பது வருடம் உழைத்தவராக இருப்பார். அத்தனை காலமும் குடியிருந்த வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போய்விடும். 2013 முதல் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. அந்த வயதில் சாவியைக் கொடுத்துவிட்டு, மகன் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்தவர்களை நாம் அறிவோம். கடனைப் பற்றி 58 வயதில் கேட்பதைவிட 28 வயதில் கேட்பதே நல்லது.

ஐம்பதுகளில் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது நம் குடும்பங்கள் தெருவில் நின்றன. அதன் பின்னர்தான் 1960-இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்கிய நாம், இன்று ஒரு வீட்டுக்கு மனுப்போடப் பயப்படுகிறோம்.

வங்கி பார்ப்பது என்ன? சம்பளச் சீட்டு, ஊழியர் சேமநிதிக் கணக்கு, வயது, பழைய கடன். தோட்டத் தொழிலாளி என்பதற்காகக் கதவை மூடிவிடுவதில்லை. மாதந்தோறும் சேமநிதி ஏறியிருந்தால் அதுவே வருமானத்துக்குச் சாட்சி. சம்பளச் சீட்டை அடுப்படியில் செருகி வைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும்.

பழைய கடன்தான் பலரைக் கவிழ்க்கிறது. குளுவாங் வட்டாரத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒருவர், அக்காள் மகனுக்காகத் தம் பெயரில் மோட்டார் சைக்கிள் எடுத்துக் கொடுத்தார். பையன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான், தவணை நின்றது. வீட்டுக் கடன் கேட்டுப் போன அன்றுதான் மாமனுக்கு விஷயமே தெரிந்தது. பேங்க் நெகாராவின் கடன் பதிவேட்டில் கடந்த 12 மாதத் தவணைகள் எப்படிக் கட்டப்பட்டன என்பது அப்படியே இருக்கும். சி.சி.ஆர்.ஐ.எஸ். எனப்படும் அந்தப் பதிவை நாமே இலவசமாகக் கேட்டுப் பார்க்கலாம். பாக்கி இருந்தால், 2006-இல் அமைக்கப்பட்ட ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை நிலையம் காசு வாங்காமல் வழி சொல்லும். அந்த மாமன் பாக்கியை அடைத்து, ஓராண்டு ஒழுங்காகத் தவணை கட்டிய பிறகே மறுபடி மனுப்போட முடிந்தது.

சம்பளச் சீட்டே இல்லாதவர்கள், அதாவது மாடு வளர்த்துப் பால் விற்பவர்கள், பலகாரம் சுட்டு விற்கும் அம்மாமார்கள், என்ன செய்வது? இவர்களைப் போன்றவர்களுக்காகவே 2008-இல் எஸ்.ஜே.கே.பி. என்னும் அரசாங்க நிறுவனம் அமைந்தது. நிலையான வருமானம் இல்லாதவர் முதல் வீடு வாங்கும்போது, அது வங்கியிடம் பிணை நிற்கிறது. இங்கே ஒன்றைத் தவறாக எண்ணிவிடக் கூடாது. பிணை வங்கிக்குத்தான், கடன் நம்முடையதே. "அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்" என்று தவணையை விட்டால் வீடு ஏலத்துக்குப் போகும்.

இனிக் கணக்கு. 2010 அக்டோபரில் தாக்கலான வரவு செலவுத் திட்டத்தில், தோட்டத் தொழிலாளர்களுக்கென 60,000 வெள்ளி வரை, 4 விழுக்காடு வட்டியில், 40 ஆண்டு தவணையில் தேசிய சேமிப்பு வங்கி வழியாகக் கடன் என்று அறிவித்தார்கள். கடன் அடுத்த தலைமுறைக்கும் தொடரலாம் என்றார்கள். 40 ஆண்டென்றால் மாதம் ஏறக்குறைய 251 வெள்ளி, கேட்க இனிக்கிறது. ஆனால் மொத்தம் கட்டுவது 120,000 வெள்ளிக்குச் சற்று மேல், வாங்கியதைப்போல் இரண்டு மடங்கு. அதே கடனை 20 ஆண்டில் அடைத்தால் மாதம் 364 வெள்ளி, மொத்தம் 87,000 சொச்சம். வீட்டோடு மீதிக் கடனையும் பிள்ளையின் தலையில் வைப்பதா என்று வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும். பேசும்போது மனைவியும் இருக்கட்டும். இருவர் சம்பளத்தையும் சேர்த்துக் காட்டினால் கடன் கிடைப்பது எளிது. அப்போது வீட்டுப் பத்திரத்திலும் அவர் பெயர் ஏறட்டும். கட்டுகிற கைக்கு உரிமையும் வேண்டுமல்லவா?

முன்பணத்துக்கு எங்கே போவது என்பீர்கள். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் தொழிலாளி 11 விழுக்காடு, முதலாளி 13 விழுக்காடு, ஆக மாதம் 408 வெள்ளி சேமநிதிக்குப் போகிறது. 2024 மே மாதம் முதல் அதில் 15 விழுக்காடு, அதாவது 61 வெள்ளி 20 காசு, 'செஜாத்ரா' கணக்கில் விழுகிறது. வீடு வாங்க எடுக்கக்கூடிய பணம் அது. பத்து ஆண்டில், இலாப ஈவைச் சேர்க்காமலே 7,344 வெள்ளி. 70,000 வெள்ளி வீட்டுக்குப் பத்து விழுக்காடு முன்பணம் 7,000. கணவன், மனைவி இருவருக்கும் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. இந்த மாதம் முதலாளி பங்கு ஏறியிருக்கிறதா என்று, அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போய்ச் சேமநிதி அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.