மகளோடு கலாபவனம் கண்ட நாள்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பிள்ளைகளின் உயர்கல்வி பற்றிச் சில சொல்லுமாறு விழாக்குழுவினர் எங்களைப் பணித்தனர். நாங்கள் கல்வியாளர் அல்லர். லேக் மார்க்கெட் அருகே குடியிருந்து, அலுவலகமும் அடுக்களையுமாகக் காலம் கழிக்கும் கணவனும் மனைவியும் ஆவோம். ஆதலின், மகளை அழைத்துக்கொண்டு ஒரு கல்லூரியைப் பார்த்துவந்த கதையை உள்ளவாறே உரைப்பது ஒன்றுதான் எங்களால் இயலும்.

கல்லூரியைச் சேருமுன் சென்று பார்ப்பது எங்கள் இளமையில் இல்லாத வழக்கம். எங்களுள் ஒருவர் தாம் படித்த கல்லூரியின் வாயிலை முதன்முதல் கண்டதே சேர்ந்த நாளன்றுதான். தமையனார் விண்ணப்பம் வாங்கினார், தந்தையார் கையொப்பமிட்டார், பையன் தகரப்பெட்டியோடு போய்ச் சேர்ந்தான். அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எனவே, பதினேழு வயது மகள், "கலாபவனத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வருவோம்" என்றபோது எங்களுக்கு வியப்பாக இருந்தது. ஓவியம் படிக்கப்போகிறாள் என்பதில் அச்சமும் இருந்தது. அச்சத்தை மறைத்துக்கொண்டு பயணச்சீட்டு வாங்கினோம்.

2019ஆம் ஆண்டு, பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அது. சாந்திநிகேதனத்தில் புதன்கிழமை விடுமுறை, ஞாயிறன்று வகுப்பு என்பது நெடுநாள் வழக்கு. அலுவலகத்தில் விடுப்புக் கேட்கும் தொல்லை இல்லை என்று மகிழ்ந்தோம். ஹௌராவிலிருந்து போல்பூர் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். சனிக்கிழமை மாலையே சென்று தங்கி, விடியற்பனியில் டோட்டோ வண்டி பிடித்தோம்.

மரத்தடியில் மஞ்சளாடைச் சிறுவர் அமர்ந்து பாடம் கேட்பதைக் கண்டதும், "இம்மண்தரையிலா நீ உட்காரப் போகிறாய்?" என்றோம். அவர்கள் பள்ளிப் பிள்ளைகள் என்றும், கல்லூரி மாணவர்க்குக் கட்டிடமும் பட்டறையும் உண்டு என்றும் மகள் பொறுமையாக விளக்கினாள். தாகூர் 1901இல் ஐந்து மாணவரோடு தொடங்கிய பள்ளி அது. 1919இல் கலாபவனமும், 1921இல் விசுவபாரதியும் தோன்றின. இவற்றையெல்லாம் அவள் முன்பே படித்து வைத்திருந்தாள். நாங்களோ ஒரு தாளில் பதினான்கு வினாக்களை எழுதிக்கொண்டு போயிருந்தோம்.

கலாபவனத்தில், களிமண் படிந்த கையோடு ஒரு மாணவி வெளியே வந்தாள். எங்கள் தாள் சட்டைப்பையிலிருந்து எழுந்தது. விடுதியில் மீன் கலவாத உணவு கிடைக்குமா? (மகள் வெளியே மீன் உண்பது எங்களுக்குத் தெரியாதென்று அவள் நம்பிய காலம் அது.) இரவில் வாயில் எப்போது அடைக்கப்படும்? படித்து முடித்தால் என்ன வேலை? முப்பது ஆண்டாகக் கடைவீதியில் பழகிய எங்கள் வங்காளியில் கேட்டோம். மாணவி ஒளிக்காமல் விடை தந்தாள். சிலர் ஆசிரியராகிறார்கள், சிலர் வடிவமைப்புத் தொழிலுக்குப் போகிறார்கள், சிலருக்குப் பல ஆண்டுகள் ஒன்றும் அமைவதில்லை என்றாள். நாங்கள் மகளைத் திரும்பிப் பார்த்தோம். அந்தப் பார்வையை இன்று நினைத்தாலும் நாணமாக இருக்கிறது. வழக்கு மன்றத்தில் சாட்சியை மடக்கிய வழக்கறிஞரின் பார்வை அது. மகள் ஒன்றும் பேசாமல் அப்பால் நடந்தாள்.

அவள் போய் நின்ற இடம், இராம்கிங்கர் பைஜ் 1938இல் ஆக்கிய 'சந்தால் குடும்பம்' என்னும் சிற்பம். சிமெண்டும் செம்பாறைச் சரளையும் கலந்து எழுப்பியது. ஆடவன் தோளில் காவடித் தண்டு. தொங்கும் கூடையில் குழந்தை. பெண்ணின் தலைமேல் சுமை. கூடவே ஒரு நாய். உள்ளதையெல்லாம் எடுத்துக்கொண்டு வேற்றிடம் பெயரும் குடும்பம். கோரமண்டல் விரைவு வண்டியில், கைக்குழந்தையும் சமையற் பாத்திரமுமாக ஹௌராவில் வந்திறங்கிய நம்மவர்க்கு அந்நடையை யாரும் விளக்க வேண்டுவதில்லை. நெடுநேரம் நின்றோம். பதினான்கு வினாக்களில் மீதி ஒன்பதைக் கேட்கவில்லை.

பின்னர், கறுப்பும் வெள்ளையுமாகச் சுவர் முழுதும் உருவங்கள் நிறைந்த ஒரு கட்டிடத்தை மகள் காட்டினாள். அதைத் தீட்டியவர் கே. ஜி. சுப்பிரமணியன். மலபாரில் 1924இல் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் பயின்றவர். 1942 போராட்டத்தில் சிறை சென்றதனால் அரசுக் கல்லூரிகளின் கதவு அவருக்கு அடைபட்டது. 1944இல் இங்கு வந்தார். எண்பது வயது கடந்த பின்னும் அச்சுவரை மீண்டும் தீட்டினார். 2016இல் மறைந்தார். எங்களுக்காகவே அவள் இக்கதையைத் தேடிவைத்திருந்தாள் என்பது பின்னரே விளங்கிற்று. பொருளியல் படித்த ஒருவர் ஓவியரானார் என்றால் எங்கள் அச்சம் தணியும் என்று எண்ணினாள் போலும். குழந்தைகள் பெற்றோரைத் தேற்றுவதற்கு எவ்வளவோ உழைக்கிறார்கள்.

திரும்பும் வண்டியில் பர்த்தமான் தாண்டிய பிறகு அவள் கேட்டாள்: "அப்பா, அம்மா! இக்கல்லூரி எனக்கு ஏற்றதா என்று நாள் முழுதும் விசாரித்தீர்கள். எனக்கு இடம் கிடைக்குமா என்று ஒருவரையும் கேட்கவில்லையே?"

அது எங்கள் தாளில் இல்லாத வினா. எங்கள் மகளுக்கு ஒரு கல்லூரி இடம் மறுக்கக்கூடும் என்னும் எண்ணமே எங்களுக்குத் தோன்றியதில்லை. அவளோ அம்மரங்களையும் சுவர்களையும் அந்த அச்சத்தோடுதான் பார்த்து வந்திருக்கிறாள். வேலை கிடைக்குமா என்னும் எங்கள் கவலை ஐந்து ஆண்டு அப்பாலிருந்தது. அவள் கவலை ஐந்து மாதத்தில் வந்து நின்றது. அவள் கையைப் பற்றிக்கொண்டோமே அன்றி, விடை கூறத் தெரியவில்லை.

வரைந்து காட்டும் தேர்வை எழுதினாள். இடம் கிடைக்கவில்லை. இரண்டு நாள் கதவடைத்துக் கிடந்தாள். பின் கல்கத்தாவிலேயே பொருளியல் சேர்ந்தாள். "சுப்பிரமணியன் வழியைத் தலைகீழாக நடக்கிறேன்" என்று அவளே சிரித்துச் சொன்னாள். அவள் மேசையில் இன்றும் வண்ணங்கள் உலர்வதில்லை. அத்தேர்வை மறு ஆண்டு எழுதுமாறு நாங்கள் வற்புறுத்தியிருக்கலாம். வற்புறுத்தவில்லை. அச்சம் தணிந்தது என்று அப்போது உள்ளூர மகிழ்ந்தோம் என்பதையும் இவ்வவையில் மறைக்க விரும்பவில்லை.

இப்போது இளையவன் பதினோராம் வகுப்பு. கரக்பூர் தொழில்நுட்பக் கழகத்தைப் பார்க்க வேண்டும் என்கிறான். இஜ்லிச் சிறைமுகாமாக இருந்த கட்டிடத்தில் 1951இல் தொடங்கிய கழகம் அது. அடுத்த மாதம் அக்காளும் தம்பியும் புறப்படுகிறார்கள். எங்களுக்கும் சேர்த்துப் பயணச்சீட்டு வாங்கியிருக்கிறார்களா என்பதை இன்னும் கேட்கவில்லை.